ஒரு கதவுக்கு இரண்டு குரல்

"ஈரானில் யஸ்த் நகரத்துக்குப் போனபோது கதவில் மாட்டித் தட்டும் இரும்புச் சாமான் ஒரு ஜோடி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஒன்று வளையம், இன்னொன்று கனமான தண்டு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா? எங்கள் இரட்டைக் கதவில் எப்படிப் பொருத்துவது, பாலிஷ் போடலாமா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

யாரும் உங்களை ஏமாற்றவில்லை, அந்த ஜோடியே அப்படித்தான். தண்டுக்குப் பெயர் கூபே, அது ஆண்கள் தட்டுவதற்கு. வளையம் ஹல்கே, பெண்களுக்கு. கூபே விழுந்தால் தடித்த ஓசை, ஹல்கேயில் மெல்லிய ஓசை. அந்தக் காலத்தில் அதை வைத்தே வந்திருப்பது ஆணா பெண்ணா என்று உள்ளே தெரிந்துவிடும், பெண் என்றால் வீட்டுப் பெண்களே போய்த் திறப்பார்கள். நம் ஊரில் நாதாங்கியைத் தட்டினால் "யாரு?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அங்கே கதவே சொல்லிவிடும். அந்தப் பழைய மண் வீடுகளில் வாசலைத் தாண்டியதும் ஹஷ்தி என்ற எண்கோண முன்கூடம், அப்புறம் வளைந்து போகும் நடை. கதவு திறந்தாலும் முற்றம் கண்ணில் படாது. அந்தரங்கத்தை அவ்வளவு கவனமாகக் காத்த வீட்டில் இந்த இரண்டு ஓசைகளும் அதன் ஒரு பகுதி. எனக்கு இதில் பிடித்ததே இதுதான், அழகுக்காக மட்டும் செய்த பொருள் இல்லை.

அதனால் தயவுசெய்து இரண்டையும் ஒரே பலகையில் மாட்டாதீர்கள், கதவுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். உயரம் நாலரை அடி போதும். நடுவில் இருக்கும் மெல்லிய பலகையில் வேண்டாம், அது அதிர்ந்து நாளடைவில் வெடிக்கும். ஓரச் சட்டத்தில் துளை போட்டு, மறுபக்கம் நட்டு வைத்து முடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, அடி விழும் இடத்தில் ஒரு பெரிய இரும்புக் குமிழ் ஆணி வேண்டும். அது இல்லாவிட்டால் மரத்தில் பள்ளம் விழும், ஓசையும் மொத்தென்றுதான் கேட்கும், இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். பித்தளை விளக்குக்குப் புளி போடுகிற பழக்கத்தில் இதையும் புளியால் தேய்த்துவிடாதீர்கள், ஈரமும் புளிப்பும் இரும்பில் தங்கினால் துரு இன்னும் வேகமாக ஏறும். மண்ணெண்ணெய் தொட்ட இரும்பு நாரால் உதிரும் துருவை மட்டும் எடுத்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசுங்கள். மழைச்சாரல் படும் வாசல் என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை பூச வேண்டியிருக்கும்.