அம்மா முட்டிக்கு ஏத்த மலை ஊரு

கேள்வி: ரோம்ல அஞ்சு நாள் தங்கப் போறோம். ஒரு நாள் மட்டும் பழைய மலை ஊரு ஒண்ணைப் பாத்துட்டு ராத்திரியே திரும்பணும். கூட அம்மா வராங்க, 68 வயசு, முட்டி வலி. மலை ஊருன்னாலே ஏறி ஏறி சாகணும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்களே, உண்மையா?

பதில்: பொதுவா உண்மைதான். ஆனா ஓர்வியெட்டோவுக்குப் போங்க, அங்க அந்த பயம் வேண்டாம். ரோம் டெர்மினில இருந்து ஃப்ளோரன்ஸ் பக்கம் போற சாதாரண ரயில்ல ஏறினா ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரத்துல இறங்கிடலாம். அதிவேக ரயில் பெரும்பாலும் அங்க நிக்காது, அதனால அதுல டிக்கெட் போட்டுடாதீங்க. பேப்பர் டிக்கெட்னா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம் மெஷின்ல முத்திரை குத்திக்கணும், மறந்தா ஃபைன்.

ஸ்டேஷன் கீழே, ஊரு மேலே செங்குத்தான பாறை உச்சில. எதிர்லயே கேபிள் இழுக்கிற ரயில் பெட்டி நிக்கும், ஃபுனிகொலாரேம்பாங்க, சில நிமிஷத்துல மேல விட்டுடும். 1888ல ஆரம்பிச்சப்போ இதுக்கு தண்ணிதான் எஞ்சின், மேல நிக்கிற பெட்டியோட தொட்டில தண்ணிய நிரப்புவாங்க, அது கனத்துல கீழ இறங்க இறங்க கீழ் பெட்டி மேல வந்துடும். இப்போ கரன்ட்.

இறங்கின இடத்துக்குப் பக்கத்துலயே பாத்ரீசியோ கிணறு. 1527ல ரோமை படைங்க சூறையாடினப்போ போப் ஏழாம் கிளமென்ட் தப்பிச்சு இங்க ஓடி வந்தாரு. முற்றுகை போட்டா குடிக்க தண்ணி வேணுமேன்னு வெட்டச் சொன்னது இது. ஆழம் 50 மீட்டருக்கு மேல, படி 248. ரெண்டு சுழல் படிக்கட்டு ஒண்ணோட ஒண்ணு முட்டாம சுத்திட்டுப் போகும், தண்ணிக்குப் போன கோவேறு கழுதை ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறி வந்துடும், எதிர்ல எதுவும் வராது. வேலை முடிஞ்சது 1537ல, வெட்டச் சொன்னவரு 1534லயே போய்ச் சேந்துட்டாரு. எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாத விஷயத்துக்கு இத்தாலிக்காரங்க இந்த கிணத்து பேரைத்தான் சொல்வாங்க. நீங்க இறங்குங்க, அம்மா வேண்டாம். இறங்குறது சுலபம், திரும்ப அதே 248 இருக்கே. அவங்கள பக்கத்து பார்க்ல உக்கார வைங்க, பள்ளத்தாக்கு முழுக்க தெரியும்.

அங்கேயே மினிபஸ் நிக்கும், கதீட்ரல் வாசல்லயே இறக்கிடும். 1290ல கட்ட ஆரம்பிச்சது, பக்கச் சுவரு கருப்பு வெள்ளைப் பட்டை பட்டையா இருக்கும். முகப்பு மேற்கு பாத்தது, அதனால நான் சொல்றது மதியத்துக்கு மேல போங்க, வெயில் பட்டா தங்க மொசைக் எல்லாம் தகதகன்னு மின்னும், காலைல பாத்தவங்க பாதிதான் பாத்தாங்க. உள்ள வலது பக்க சேப்பல்ல சின்யொரெல்லி 1499ல இருந்து 1504 வரைக்கும் வரைஞ்ச உலக முடிவு ஓவியம். அதுல இடது ஓரத்துல கருப்பு டிரெஸ்ல தன்னையே நிக்க வெச்சு வரைஞ்சிருக்காரு, பக்கத்துல அவருக்கு முன்னாடி இதை ஆரம்பிச்சுட்டு விட்டுப் போன ஃப்ரா ஆஞ்சலிக்கோ. தோளை மூடுற துணி கொண்டு போங்க.

சாப்பாடு ஒரு மணிக்கே முடிச்சிடுங்க. ரெண்டரைக்கு மேல நிறைய கிச்சன் மூடிடுவாங்க, அப்புறம் பீட்சா துண்டுதான். உம்ப்ரிகெல்லின்னு மொத்தமான பாஸ்தா கிடைக்கும், கேட்டு வாங்குங்க.

கேள்வி: சியெனா, சான் ஜிமிஞானோன்னு வேற ரெண்டு மலை ஊரும் ஒரே நாள்ல முடியுமா?

பதில்: ஃப்ளோரன்ஸ்ல தங்கியிருந்தா முடியும், ஆனா ரெண்டையும் ஓடி ஓடி பாப்பீங்க. சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே கிடையாது, பொஜிபொன்சில இறங்கி பஸ் பிடிக்கணும். என்னைக் கேட்டா சியெனா மட்டும் போதும். ஜூலை 2, ஆகஸ்ட் 16 குதிரைப் பந்தய நாள், கூட்டத்துல நிக்க தயார்னா மட்டும் அன்னைக்குப் போங்க.

கேள்வி: வாடகை கார் எடுத்தா வசதியா இருக்காதா?

பதில்: ஊருக்கு ஊரு நடுவுல வசதி, ஊருக்குள்ள தலைவலி. பழைய ஊரு வாசல்ல வெள்ளை வட்டத்தைச் சுத்தி சிவப்பு வளையம் போட்ட போர்டு இருக்கும், இசட்டிஎல்லுன்னு சொல்வாங்க, வண்டிக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதின்னு அர்த்தம், அனுமதி இல்லாம தாண்டினா கேமரா நம்பரை எடுத்துடும். யாரும் நிறுத்த மாட்டாங்க, நீங்களும் ஜாலியா சுத்திட்டு வந்துடுவீங்க, பல மாசம் கழிச்சு வீட்டுக்கு ஃபைன் லெட்டர் வரும், கார் கம்பெனி தன் பங்குக்கு ஒரு சார்ஜ் தனியா கார்டுல எடுத்திருப்பான். ஓர்வியெட்டோன்னா ஸ்டேஷனுக்குப் பின்னாடி பெரிய பார்க்கிங் இருக்கு, அங்க விட்டுட்டு அதே கேபிள் பெட்டில மேல போயிடுங்க.