‘இலவச பார்க்கிங்’ என்று போட்டால் எதற்கெல்லாம் பொறுப்பு?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள என் ஃப்ளாட்டை ஆன்லைன் தளங்கள் வழியாக நாள் வாடகைக்கு விடுகிறேன். லிஸ்டிங்கில் ‘வளாகத்தில் இலவச பார்க்கிங்’ என்று போட்டிருக்கிறேன். ஸ்டில்ட்டில் (கட்டடத்துக்கு அடியில் தூண்கள் நிற்கும் திறந்த தளம்) எனக்கு ஒரு கார் இடம் உண்டு. போன மாதம் ஒரு குடும்பம் இன்னோவாவிலும் ஒரு சிறிய காரிலும் வந்தது. தூண் தடுத்ததால் இன்னோவாவை என் இடத்தில் விட முடியவில்லை; சிறிய காரை அங்கே நிறுத்தினார்கள். விசிட்டர் பார்க்கிங்கில் இரவில் வண்டி நிற்கக் கூடாது என்று அசோசியேஷன் விதி இருப்பதால் செக்யூரிட்டி விடவில்லை. இன்னோவாவைத் தெருவில் விட்டார்கள். காலையில் போலீஸார் இழுத்துச் சென்றுவிட்டார்கள். இரண்டு நாளும் தங்கிவிட்டு, இப்போது முழு வாடகை, அபராதம், மன உளைச்சலுக்கு இழப்பீடு எல்லாம் கேட்கிறார்கள். தராவிட்டால் நுகர்வோர் வழக்கு, கிரிமினல் வழக்கு இரண்டும் போடுவார்களாம். நான் பொய் எதுவும் எழுதவில்லையே? இனி எப்படி எழுத வேண்டும்?

பதில்: நீங்கள் பொய் எழுதவில்லை, சரி. ஆனால் உங்களிடம் இடம் இருந்ததா என்பதோடு சட்டம் நின்றுவிடாது. அந்த வரியை நம்பி வந்தவரால் இடத்தைப் பயன்படுத்த முடிந்ததா என்றும் பார்க்கும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன் 6-வது விதியில் இதற்கென்றே எழுதியதுபோல் ஒரு வரி இருக்கிறது: தளத்தின் வழியே விற்பவர் தரும் விளம்பரம், சேவையின் உண்மையான தன்மைக்கும், அதை அணுகுவதற்கும் பயன்படுத்துவதற்கும் உள்ள நிபந்தனைகளுக்கும் ஒத்திருக்க வேண்டும். உங்கள் தூண், அணுகுவதற்கான நிபந்தனை; அசோசியேஷனின் இரவுத் தடை, பயன்படுத்துவதற்கான நிபந்தனை. இரண்டும் உங்களுக்குத் தெரியும். இரண்டுமே லிஸ்டிங்கில் இல்லை.

‘நான் கம்பெனி இல்லை, தனிநபர்தானே’ என்ற வாதம் எடுபடாது. தனிப்பட்ட முறையில் எப்போதாவது செய்யும் செயலுக்கு அந்த விதிகள் விலக்கு தருகின்றன. தொடர்ந்து, முறையாகத் தொழில்போல் செய்வதற்கு விலக்கு இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் ‘சேவை’ என்பதற்குள் தங்குமிடமும் அடங்கும். தெரிந்தே தகவலை மறைப்பது அந்தச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரம், தவறாக வழிநடத்தும் விளம்பரம். வேண்டுமென்று செய்யவில்லை என்று நீங்கள் நிரூபித்தாலும், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 18-வது பிரிவு இருக்கிறது: ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் தந்த தவறான தகவலும் தவறான தகவல்தான்.

அதற்காக அவர்கள் கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு இரவும் வீட்டைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முழு வாடகை கேட்பது மிகை. உங்கள் இடமும் சும்மா கிடக்கவில்லை, அவர்களுடைய ஒரு கார் அங்கே நின்றது. ‘பார்க்கிங்’ என்றுதான் எழுதினீர்கள், ‘இரண்டு கார்’ என்று எழுதவில்லை என்பது உங்கள் பக்கத்தின் வலுவான வாதம். ஆனால் இன்னோவா சாலையில் சாதாரணமாக ஓடும் கார். அது நிற்காத இடத்தை எந்த அளவும் குறிப்பிடாமல் ‘பார்க்கிங்’ என்றது உங்கள் பலவீனம். இரண்டையும் எடை போட்டால், வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்து முடிப்பது நியாயமாகவும் இருக்கும், வழக்கு நடத்துவதைவிடச் செலவும் குறைவு.

இழுத்துச் சென்ற செலவும் அபராதமும் வேறு கணக்கு. ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவின்படி, மீறலால் இயல்பாக விளையும் நஷ்டத்துக்குத்தான் இழப்பீடு; தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு இல்லை. தடை செய்யப்பட்ட இடத்தில் வண்டியை விட்டது ஓட்டியவரின் முடிவு. இங்கேதான் நீங்கள் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும்: ‘தெருவில் விடுங்கள், ஒன்றும் ஆகாது’ என்று நீங்களோ உங்கள் கேர்டேக்கரோ சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அந்த முடிவு அவர்களுடையது மட்டும் அல்ல. அபராதமும் உங்கள் தலையில் விழலாம். அன்றைய வாட்ஸ்அப் உரையாடலை முழுவதும் படியுங்கள், கேர்டேக்கர் ஃபோனில் இருப்பதையும் சேர்த்து. இந்த வழக்கின் பாதி அதில்தான் இருக்கிறது.

கிரிமினல் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 89-வது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது உண்மை. ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியும். விருந்தினர் நேராகப் போய் அந்த வழக்கைப் போட முடியாது.

நுகர்வோர் வழக்கு மிரட்டலை அப்படி ஒதுக்க முடியாது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அவர்கள் தங்கள் ஊர் ஆணையத்திலேயே, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். அலைய வேண்டியவர் நீங்கள். நோட்டீஸ் வந்தால் 30 நாளில் எழுத்துமூலமான பதிலைத் தாக்கல் செய்தாக வேண்டும். ஆணையம் விரும்பினால் 15 நாள் கூடுதலாகத் தரும், அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. ‘சின்ன விஷயம்தானே’ என்று நோட்டீஸை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு 50-வது நாள் வக்கீலைத் தேடுபவர்கள் நிறையப் பேர்.

ஆகவே இப்போதே, தளத்தின் மெசேஜ் வழியாகவே, இரண்டு பத்தியில் பதில் அனுப்புங்கள். வண்டி நுழையாததற்கு வருத்தம். ஒரு கார் உங்கள் இடத்தில் நின்றது. தெருவில் நிறுத்தச் சொன்னது நீங்கள் அல்ல (அது உண்மையானால் மட்டும்). வழக்கை முடித்துக்கொள்ளும் நோக்கில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், இவ்வளவு தொகை தரத் தயார். அவர்கள் புக் செய்த நாளில் லிஸ்டிங் எப்படி இருந்ததோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் திருத்தத்தில் கை வையுங்கள். புகார் வந்த மறுநாள் வரியை ஓசைப்படாமல் மாற்றி, பழைய வடிவத்தின் பதிவும் இல்லாமல் நின்றால், நேர்மையான திருத்தம்கூடத் தடயத்தை அழித்ததுபோல் தெரியும்.

அசோசியேஷன் விஷயத்தில் பலரும் குழம்புவது இது: எந்த இடம் ‘என்னுடையது’? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016 திறந்தவெளி பார்க்கிங்கைப் பொதுப் பகுதி என்கிறது. ஸ்டில்ட் இடத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது, அது பொதுப் பகுதி என்று நஹல்சந்த் லாலுசந்த் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரச் சட்டத்தின்கீழ் தீர்ப்பளித்தது. எனவே உங்கள் பத்திரத்திலும் ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எண் போட்ட ஒதுக்கீடா, வெறுமனே ‘ஒரு கவர்டு கார் பார்க்’ என்றா? எண் இல்லாவிட்டால் இடம் மாறக்கூடும். இன்றைக்கு அளந்த அளவு அடுத்த வருடம் பொருந்தாது. விசிட்டர் பார்க்கிங் பொது இடம். அங்கே உங்களுக்கும் பங்கு உண்டு என்றாலும், கட்டணம் வாங்கித் தங்கவைக்கும் விருந்தினருக்கு அதை உங்கள் வசதிபோல் வாக்களிக்க முடியாது. இரவுத் தடை உள்ள தீர்மானத்தின் நகலை வாங்கி வையுங்கள். விலக்கு தருகிறோம் என்று செயலாளர் வாய்மொழியாகச் சொன்னால் அது செக்யூரிட்டியிடம் செல்லாது, ஆணையத்திலும் செல்லாது, எழுத்தில் வாங்குங்கள்.

இனி எழுதும் முறை. முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். கட்டட வரைபடத்தில் உங்கள் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று இருக்கலாம். அதை அப்படியே எழுதாதீர்கள். இன்னோவா கிரிஸ்டாவின் அகலம் 1,830 மில்லிமீட்டர், நீளம் 4,735. காகிதக் கணக்கில் 67 சென்டிமீட்டர் மிச்சம் வரும், வண்டி நிற்கும். ஆனால் தூண் 35 சென்டிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் மிச்சம் 32-தான். பக்கக் கண்ணாடிகள் அந்த 1,830-இல் சேராது. வண்டி நுழைந்தாலும் கதவு திறக்காது. எனவே அகலத்தைத் தூணுக்கும் தூணுக்கும் இடையே, மிகக் குறுகிய இடத்தில் அளந்துகொள்ளுங்கள். நீளத்தைச் சுவரிலிருந்து மற்ற வண்டிகள் போகும் பாதையின் விளிம்பு வரை. உயரத்தை மேல்தளம் வரை அல்ல, கீழே தொங்கும் பீம், தண்ணீர்க் குழாய், கேபிள் தட்டு இவற்றில் எது தாழ்வோ அதுவரை. வாசல் கதவின் அகலத்தையும் குறியுங்கள். சரிவுப் பாதையில் தாழ்வான கார்கள் அடி உரசுமானால் அதையும் எழுதுங்கள். இயந்திர அடுக்கு பார்க்கிங்காக இருந்தால் தட்டின் உயர வரம்பும் எடை வரம்பும் இயந்திரத்திலேயே ஒட்டியிருக்கும்; அவற்றை அப்படியே எடுத்து எழுதுங்கள், யார் இயக்குவார், எத்தனை மணி வரை என்பதோடு.

பிறகு லிஸ்டிங்கில், உங்கள் எண்களைப் போட்டு, இப்படி எழுதலாம்:

“பார்க்கிங்: வளாகத்துக்குள், ஸ்டில்ட் தளத்தில், இந்த ஃப்ளாட்டுக்கு ஒதுக்கிய ஒரே ஒரு கார் இடம். தனிக் கட்டணம் இல்லை. பயன்படுத்தக்கூடிய அகலம் 2.15 மீட்டர், நீளம் 4.8 மீட்டர், உயரம் 2.2 மீட்டர். 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு ஏற்றது. இன்னோவா அளவுள்ள கார்களும் வேன்களும் நிற்காது. இரண்டாவது காருக்கு வளாகத்தில் இடம் இல்லை. விசிட்டர் பார்க்கிங்கில் இரவில் வண்டி விட அனுமதி இல்லை. வாசலுக்கு வெளியே உள்ள தெரு பொதுச் சாலை; அங்கே இடம் கிடைக்கும் என்று உறுதி தர இயலாது. வரும் முன் வண்டியின் மாடலையும் எண்ணையும் அனுப்பவும்.”

இதைப் படித்து நாலு பேர் புக் செய்யாமல் போகலாம். போகட்டும், அவர்கள்தான் தூணுக்கு முன்னால் நின்று உங்களுக்கு ஃபோன் செய்திருப்பார்கள்.

‘இடம் இருந்தால் மட்டும்’ என்ற வாசகத்தை நம்பி இருக்காதீர்கள். மேலே ‘இலவச பார்க்கிங்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, வீட்டு விதிகளின் 14-வது வரியில் இதைச் செருகினால் பாதுகாப்பு இல்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வந்த வழிகாட்டுதல்கள், தலைப்பில் சொன்னதை மறுக்கும் பின்குறிப்பையும், முக்கியத் தகவலை ஒளிக்கும் பின்குறிப்பையும் ஏற்பதில்லை. நிபந்தனை, வாக்குறுதியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வசதிப் பெட்டியில் போடும் டிக்கும் அப்படித்தான்: ‘பார்க்கிங்’ என்று வடிகட்டித் தேடுபவர் பெட்டியைத்தான் பார்க்கிறார். தெருவில் மட்டுமே விட முடியும் என்றால் ‘வளாகத்தில்’ என்ற பெட்டியை நீக்குங்கள். சாதாரண 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருப்பதற்காக மின்வாகன சார்ஜிங் பெட்டியையும் டிக் செய்யாதீர்கள். அந்தப் பாயிண்ட் பொது மீட்டரில் இருந்தால் அசோசியேஷனோடு இன்னொரு சண்டை காத்திருக்கிறது.

இடம் மாற்றி நிறுத்துவதற்காகக் கேர்டேக்கர் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறாரா? நிறுத்தச் சொல்லுங்கள். சாவியை வாங்கிய நிமிடம் வண்டி உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள். 2019-இல் தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கில், ஊழியரிடம் சாவி கொடுத்த கார் திருடுபோனதற்கு ஹோட்டலே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று டோக்கனில் அச்சடித்திருந்தது ஹோட்டலின் அலட்சியத்துக்குக் கவசமாகவில்லை. உங்கள் சுவரில் மாட்டிய பலகைக்கும் அதே கதிதான்.

கடைசியாக, புதிய வாசகம் இனி வரும் புக்கிங்குகளுக்குத்தான் செல்லும். ஏற்கெனவே புக் செய்தவர்கள் பழைய வரியை நம்பி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் புதிய பத்தியை அனுப்பி, வண்டி பொருந்தாவிட்டால் கட்டணப் பிடித்தம் இல்லாமல் ரத்து செய்யலாம் என்று எழுதிக் கேளுங்கள். பதிலைச் சேமித்து வையுங்கள். ஒரே லிஸ்டிங் பல தளங்களில் ஓடினால் எல்லாத் தளத்தையும் விருந்தினர் பார்ப்பதுபோல் திறந்து சரிபாருங்கள். ஓரிடத்தில் திருத்தினால் மற்றவை தானே மாறிவிடும் என்று எண்ணாதீர்கள். விவரிப்பு மாறியிருக்கும், வசதிப் பெட்டியின் டிக் அப்படியே இருக்கும்.