திரையில் ஷெர்லாக் ஹோம்ஸ்: யாருடைய நடிப்பிலிருந்து தொடங்கலாம்?

ஹோம்ஸாக நடித்தவர்களுள் யாரை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தயக்கமின்றி நான் சொல்லும் பெயர் ஜெரமி பிரெட். பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி 1984 முதல் 1994 வரை தயாரித்த தொடரின் 41 பகுதிகளில் அவர் நடித்தார். ஆர்தர் கோனன் டாயிலின் மூலக்கதைகளை, குறிப்பாகத் தொடக்க ஆண்டுகளில், பெரிதும் சிதைக்காமல் எடுத்ததோடு, அக்கதைகள் முதலில் வெளியான ஸ்ட்ராண்ட் இதழுக்காகச் சிட்னி பேஜெட் வரைந்த சித்திரங்களைச் சில காட்சிகளில் அப்படியே உயிர்ப்பித்திருப்பது, அக்கதைகளை முன்பே படித்தவர்களுக்குப் பெருமகிழ்ச்சி தரும். பிரெட்டின் ஹோம்ஸ் ஒரு நொடி சிலைபோல் அமர்ந்திருப்பார். மறுநொடி தரையில் பாய்ந்து தடயம் தேடுவார். அந்த அமைதியின்மையே பாத்திரத்தின் உயிர் என்பேன். வாட்சனாக முதலில் டேவிட் பர்க்கும் பின்னர் எட்வர்ட் ஹார்ட்விக்கும் நடித்தனர்; இருவருமே அவரை அறிவுள்ள மருத்துவராகவும் நம்பத்தக்க நண்பராகவும் காட்டினர்.

1939 முதல் 1946 வரை வெளிவந்த 14 படங்களில் பேசில் ராத்போன் கம்பீரமான ஹோம்ஸாக விளங்கியபோதிலும், அவற்றில் நைஜல் புரூஸின் வாட்சன் தடுமாறும் நகைச்சுவைப் பாத்திரமாகச் சுருங்கியது எனக்கு இன்றும் வருத்தமே. சோவியத் நாட்டில் 1979 முதல் வெளிவந்த, வசீலி லிவானோவ் நடித்த தொலைக்காட்சிப் படங்களையும் தவறவிடாதீர்கள். பிரெட்டின் தொடரை, ஹோம்ஸையே அறிவால் வென்ற ஐரீன் ஆட்லர் என்ற பெண் இடம்பெறும் அதன் முதல் பகுதியிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம்.