அரிசியில் புதைத்த ஐபாட்

அன்புள்ள அக்கா,

பழைய கேசட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் தரைவீட்டில் இருக்கிறோம். போன மாத மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. அப்பாவின் ஐபாட் கட்டிலுக்கு அடியில் இருந்த இழுப்பறையில் மாட்டிக்கொண்டது. 2006-ல் போனஸ் வந்தபோது நான் வாங்கிக் கொடுத்தது, 30 ஜிபி, வீடியோ பார்க்கிற ரகம். சேற்றுத் தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தது.

துடைத்து, அரிசி டப்பாவில் பத்து நாள் புதைத்து வைத்தேன். பிறகு சார்ஜரில் போட்டால் ஆப்பிள் படம் வந்தது, உள்ளே டிக் டிக் என்று சத்தம், அப்புறம் அழுமூஞ்சி ஐபாட் படம். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்றாம் தடவை அந்த அழுமூஞ்சிகூட வரவில்லை. ஒரு கடையில் உள்ளே இருக்கிற மின்சுற்றுப் போர்டை மாற்ற 350 ரிங்கிட் கேட்கிறார்கள். தரவு மீட்கிற கம்பெனி ஒன்று 2,500 ரிங்கிட் ஆகும், உத்தரவாதம் கிடையாது என்கிறது. இன்னொருவர் தூக்கிப் போடச் சொல்கிறார்.

மூவாயிரம் பாட்டுக்கு மேல் இருக்கிறது. அதில் முக்கியமானது, 1980-களில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரப் பந்தலில் அப்பாவின் பஜனைக் குழு பாடியது. பதினொரு கேசட். சித்தப்பா மகன்தான் தன் கணினியில் ஏற்றி எம்பி3 ஆக்கி ஐபாடில் போட்டுத் தந்தான். அந்தக் கணினி இப்போது சித்தப்பா வீட்டு ஸ்டோரில் சும்மா கிடக்கிறது, அவனும் சிங்கப்பூர் போய்விட்டான். கேசட்டெல்லாம் பூஞ்சை பிடித்து, எப்போதோ வீசியாயிற்று. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. தினமும் சாயங்காலம் ‘என் பெட்டி எங்கே’ என்கிறார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று சமாளித்துக்கொண்டிருக்கிறோம். பாட்டுகள் திரும்பக் கிடைக்குமா? யாரை நம்பிக் கொடுப்பது?

(பெயர் போட வேண்டாம்)
ஜெலுத்தோங், பினாங்கு

*

அன்புள்ள தம்பி,

நான்காவது தடவை சார்ஜரில் போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் படிக்கலாம், இது மட்டும் இந்த நிமிடத்திலிருந்து.

உங்களைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. என் கணவரிடம் விரல் நீளத்தில் ஒரு எம்பி3 பிளேயர் இருந்தது. அவர் சட்டைப் பையோடு அதையும் சேர்த்துச் சலவை இயந்திரத்தில் போட்டது நான்தான். வெளியே எடுத்தபோது திரைக்குள் சோப்பு நுரை ஒரு குமிழாக நின்றது, பொத்தானை அழுத்தினால் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது. அழுத்திப் பார்த்தேன் என்பதுதான் விஷயம். விளக்கு எரிந்தது. ‘பாருங்க, ஒன்னும் ஆகல’ என்று அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்குள் அணைந்துவிட்டது. ஒரு கடையில் கொடுத்தோம். சூடான காற்றடித்தே சரி பண்ணிவிடலாம் என்றவர், நினைவகச் சில்லையும் சேர்த்துக் கருக்கிக் கொடுத்தார். அந்தச் சில்லு மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் பாட்டை வைத்திருக்கக்கூடியது, மற்றதெல்லாம் செத்தாலும் அதை மட்டும் தனியாகக் கழற்றிப் படிக்க முடியும் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

தண்ணீர் மட்டும் இருந்தால் சேதம் மெதுவாகத்தான் நடக்கும். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால்தான் வேகம் பிடிக்கும். சுத்தமான நீரில் மின்சாரம் லேசில் பாயாது. வெள்ளத் தண்ணீரில் உப்பு, சேறு, சாக்கடை எல்லாம் கலந்திருப்பதால் நன்றாகவே பாயும். அப்போது போர்டில் இருக்கிற செம்பு கரைந்து பச்சையாகப் பூக்கும். கோயில் செம்பைத் துலக்காமல் விட்டால் ஓரத்தில் படியுமே, அதே பச்சை. ஐபாடை நாம் அணைத்தாலும் அது முழுக்க அணைவதில்லை, தூங்கத்தான் போகிறது. ஆகவே அந்த ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் பேட்டரி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அரிசி வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கிற ஈரத்தை வெளியே இருக்கிற அரிசி எப்படி இழுக்கும்? மின்விசிறிக்கு அடியில் திறந்து வைத்திருந்தாலே அதைவிடச் சீக்கிரம் காய்ந்திருக்கும். அப்படியே காய்ந்தாலும் சேறும் உப்பும் உள்ளேதான் இருக்கும். (அந்த அரிசியைச் சமைத்துவிடவில்லையே? எங்கள் வீட்டில் ஒருமுறை கைப்பேசி புதைத்த அரிசி பொங்கலாகி வந்தது.)

இனி உங்கள் ஐபாடுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் கடைக்காரர்கள் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வதன் காரணம் அதில்தான் இருக்கிறது. 2005 கடைசியில் வந்த அந்த ரகத்தில் பாட்டு சில்லில் இல்லை, சுழலும் வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) இருக்கிறது. 1.8 அங்குலம், தீப்பெட்டியைத் தட்டையாக்கினது போல. நிமிடத்துக்கு 4,200 சுற்று. தட்டின் மேல் படிக்கும் முனை தொடாமல் மிதக்கும். இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமயிரின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்றால், காய்ந்த சேற்றின் ஒரு துகள் அந்த இடுக்கில் எவ்வளவு பெரிய பாறை என்று யோசியுங்கள். வன்தட்டு முழுக்க அடைத்த பெட்டியும் இல்லை. காற்றழுத்தம் சமமாவதற்காக ஊசிமுனைத் துளை ஒன்று இருக்கும், உள்ளே வடிகட்டி. தூசியைத் தடுக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஊறின தண்ணீரைத் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன்.

டிக் டிக் சத்தத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். முனை தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்ப முட்டுகிறது என்பது ஒன்று. அப்படியானால் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் தட்டில் கீறல் விழுகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, அரித்துப்போன போர்டிலிருந்து தட்டுக்குப் போதிய மின்சாரம் போகவில்லை, சுற்ற ஆரம்பித்து ஆரம்பித்து நின்றுவிடுகிறது. இந்த இரண்டாவதாக இருந்தால் தட்டு நன்றாகவே இருக்கலாம். வெளியிலிருந்து காதால் கேட்டு இதுவா அதுவா என்று என்னால் சொல்ல முடியாது, கடைக்காரராலும் முடியாது.

அதனால் போர்டை மாற்ற 350 ரிங்கிட் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவர் ஐபாடைப் பிழைக்க வைக்கப் பார்க்கிறார், உங்களுக்கு வேண்டியது பாட்டு. போர்டை மாற்றினதும் முதல் வேலையாகத் தட்டைச் சுழற்றிப் பார்ப்பார். பேட்டரியை மட்டும் இப்போதே கழற்றச் சொல்லுங்கள். நனைந்த லித்தியம் பேட்டரி வீங்கிப்போனால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

2,500 ரிங்கிட் கம்பெனியையும் இன்னும் கூப்பிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. ‘அந்தக் கணினி இப்போது சித்தப்பா வீட்டு ஸ்டோரில் சும்மா கிடக்கிறது.’ தம்பி, இதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தக் காலத்து ஐபாட் தானாக எதையும் வைத்துக்கொள்ளாது. பாட்டு முதலில் கணினியில் இருக்க வேண்டும், அங்கிருந்து ஐட்யூன்ஸ் என்கிற மென்பொருள் அதன் நகலைத்தான் ஐபாடுக்கு அனுப்பும். வெள்ளத்தில் போனது நகல். மூலம் சித்தப்பாவின் ஸ்டோரில், பழைய ஃபேனுக்கும் தைப்பூசப் பாத்திரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. சிங்கப்பூர் தம்பிக்கு இன்றைக்கே புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி போட்டு, அதை யாரும் துடைத்து ஃபார்மட் செய்தார்களா என்று மட்டும் கேளுங்கள். கேசட்டிலிருந்து ஏற்றினவர்கள் பெரும்பாலும் முதலில் ஒலியைச் சுருக்காத பெரிய வேவ் கோப்பாகப் பதிவு செய்து, அப்புறம்தான் எம்பி3 ஆக்குவார்கள். அந்த வேவ் அழியாமல் கிடந்தால், ஐபாடில் இருந்ததைவிட நல்ல ஒலியே உங்களுக்குக் கிடைக்கும்.

அந்தக் கணினியையும் ஆர்வத்தில் ஆன் செய்துவிடாதீர்கள். பல வருடம் ஸ்டோரில் கிடந்த பெட்டி, உள்ளே பல்லி முட்டை இட்டிருக்கும். வன்தட்டை மட்டும் கழற்றி, யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, உங்கள் மடிக்கணினியில் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால் மை டாக்குமென்ட்ஸுக்குள் மை மியூசிக், அதற்குள் ஐட்யூன்ஸ். அங்கே இல்லாவிட்டால் தட்டு முழுக்க எம்பி3, வேவ் என்று தேடவிடுங்கள். கிடைத்ததும் கேட்க உட்காராதீர்கள். முதலில் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், அப்புறம் கேளுங்கள்.

அங்கே ஒன்றும் இல்லை என்றால்தான் கம்பெனி. அப்படிக் கொடுப்பதானால், பேட்டரியைக் கழற்றினதைத் தவிர ஐபாடில் வேறெதையும் பிரிக்காமல், ‘வெள்ளத்தில் ஊறியது, மூன்று தடவை மின்சாரம் கொடுத்தேன், டிக் சத்தம் வந்தது’ என்று உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள். தூசியில்லாத அறை வைத்திருக்கிறார்களா, தட்டை முதலில் முழுப் பிரதி எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு தொடுவார்களா என்று கேளுங்கள். சுலபமாகப் படிக்க முடிகிற பகுதியை முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற பகுதிக்குப் பின்னால் வருவதுதான் சரியான முறை. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளே அப்படித்தான் செய்கிறது. இதைக் கேட்டதும் முழிக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி, எம்பி3 சிதைவைத் தாங்கும். ஒரு பாட்டு என்பது ஏறக்குறைய 26 மில்லி விநாடித் துண்டுகளின் வரிசை. நடுவில் கொஞ்சம் போனால் அந்த இடத்தில் ஒரு விக்கல் விக்கிவிட்டுப் பாட்டு தொடரும். இன்னொன்று, மீண்டு வருகிற கோப்புகளைப் பார்த்துப் பதறாதீர்கள். ஐபாட் தன் பாட்டுகளை எஃப்00, எஃப்01 என்று மறைவான கோப்புறைகளில், நான்கெழுத்து அர்த்தமில்லாப் பெயரில்தான் போட்டு வைக்கும். சினிமாப் பாட்டுகளில் பெயர் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும், கண்டுபிடித்துவிடலாம். சினிமாப் பாட்டுக்காக நீங்கள் ஒரு காசும் செலவழிக்க வேண்டாம் என்பேன், எல்லாம் எங்கேயும் கிடைக்கும். பஜனைக் கேசட்டில் யார் பெயர் எழுதியிருக்கப் போகிறார்கள்? ‘ட்ராக் 01’ என்றுதான் இருக்கும். எது எந்த வருடப் பந்தல், எந்தக் காவடிச் சிந்தை யார் எடுத்துக் கொடுக்கிறார், பின்னால் மிருதங்கம் யார் என்று சொல்ல அப்பா ஒருவரால்தான் முடியும். அவர் சொல்லச் சொல்ல யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.

கேசட்டை வீசினதைப் பற்றி உங்களிடம் இனிப் பேசிப் பிரயோசனமில்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் பூஞ்சை பிடித்த கேசட்டை வீசாதீர்கள், அப்படியே பிளேயரிலும் போடாதீர்கள். பூஞ்சையைத் துடைத்து மீட்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தில் நனைந்த நாடாவைக்கூடச் சுத்தமான நீரில் அலசி, சூடு காட்டாமல் காற்றாட உலர்த்தி மீட்டுவிடலாம். வெள்ளம் வந்த வீட்டில் ஐபாடைவிடக் கேசட்டுக்குத்தான் ஆயுசு கெட்டி.

சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவர் ஒன்று கொண்டுபோங்கள். கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் வன்தட்டுக்குப் போகிற கேபிள் தெரியும். அது ரிப்பன் போல அகலமாக இருக்கிறதா, விரலைவிட ஒடுக்கமாக இருக்கிறதா என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இரண்டுக்கும் அடாப்டர் வேறு வேறு. எது வேண்டும் என்று சொல்கிறேன், அங்கே கிடைக்காவிட்டால் நான் லோயாட் பிளாசாவில் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா
செந்தூல், கோலாலம்பூர்