வாசகர் கேள்வி – பதில்: சூரியனை நோக்கி எடுக்கும் படங்களில் ஒளிப்பொட்டுகள்

கேள்வி: உப்புவெளிக் கடற்கரையில், சூரியன் எழும் நேரத்தில் வள்ளங்களைப் படமெடுக்கிறேன். பல படங்களில் பச்சையும் ஊதாவுமான பொட்டுகள் வரிசையாக விழுகின்றன; சில படங்கள் முழுவதுமே வெளிறிப்போகின்றன. வில்லைக்கு ஹூட் (முன்னால் மாட்டும் ஒளிமறைப்பு) மாட்டியும் பயனில்லை. விலையுயர்ந்த வில்லை வாங்கினால் தீருமா? – வாசகர், திருகோணமலை

பதில்: வாங்க வேண்டாம், முதலில் கையிலுள்ள வில்லையைத் துடையுங்கள். நீங்கள் கூறுபவை இரண்டு வெவ்வேறு குறைகள். படம் வெளிறுவதற்குக் கடற்காற்றில் வரும் உப்புத்துளிகள் முன்கண்ணாடியில் படிந்து ஒளியைச் சிதறச் செய்வதே பெரும்பாலும் காரணம். மணல் துகள் இருந்தால் துணியோடு சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும் என்பதால், முதலில் காற்றூதியால் ஊதி, பிறகு சுத்தமான நீரில் இலேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ஆல்கஹால் கலந்த துடைப்புத் திரவத்தில் உப்பு எளிதில் கரையாது. ஆகவே நீரே முந்த வேண்டும்.

பொட்டுகள் வில்லைக்குள்ளேயே உருவாகின்றன. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் தெறிக்கச் செய்கிறது. 15 கண்ணாடிகள் தனித்தனியாக அமைந்த ஸூம் வில்லையில் 30 பரப்புகள் இருப்பதால், பூச்சே இல்லாவிட்டால் மூன்றிலொரு பங்கு ஒளிகூட நேரே கமராவைச் சென்றடையாது. 1935இல் ஜேர்மனியின் ஸைஸ் என்ற வில்லைத் தயாரிப்பு நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா உருவாக்கிய தெறிப்புத் தடுப்புப் பூச்சும், அதன் வழிவந்த பல அடுக்குப் பூச்சுகளும் இந்த இழப்பை வெகுவாகக் குறைத்தன. ஆயினும் சூரியனின் ஒளி அவ்வளவு வலிமையானது. எஞ்சிய சிறு தெறிப்பே பொட்டாகத் தெரியப் போதுமானது. விலையுயர்ந்த வில்லையும் இதற்கு விலக்கல்ல.

படத்தின் சட்டத்திற்கு வெளியிலிருந்து பக்கவாட்டாக வரும் ஒளியை மறைப்பதே ஹூட்டின் வேலை. சூரியன் சட்டத்திற்குள்ளேயே நிற்கும்போது அதனால் ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் முன்னால் மாட்டியுள்ள யூவீ பில்டரை அவசியம் கழற்றுங்கள்; தட்டையான அந்தக் கண்ணாடி இன்னும் இரண்டு தெறிக்கும் பரப்புகளைச் சேர்க்கிறது.

பொட்டுகள் எங்கே விழும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அவை பெரும்பாலும் சூரியனையும் படத்தின் மையத்தையும் இணைக்கும் கோட்டின் மீதே வரும். இதை அறிந்துகொண்டால், கமராவைச் சற்றே திருப்பி, வள்ளத்தின் மீதோ மீனவரின் முகத்தின் மீதோ விழும் பொட்டை வெறும் மணற்பரப்புக்கு நகர்த்திவிடலாம். நான் மிகவும் விரும்பும் வழி, கரையில் இழுத்து வைத்த வள்ளத்தருகே தாழ்ந்து அமர்ந்து, அதன் அணியம் (முன்முனை) சூரியனைப் பாதி மறைக்கும்படி சட்டத்தை அமைப்பது. பொட்டுகளும் குறையும், படத்திற்கும் உயிர் வரும். சூரியன் அடிவானைத் தொட்டு நிற்கும் முதற் சில நிமிடங்களில் ஒளி மங்கலாயிருப்பதால், முக்கியமான படங்களை அப்போதே எடுத்துவிடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் கமராவை முக்காலியில் பொருத்தி, ஒளியளவை மாற்றாமல் இரண்டு படங்கள் எடுங்கள். இரண்டாவதில் மட்டும், விரலை நீட்டிச் சூரியனை மறையுங்கள். பொட்டு விழுந்த பகுதிக்கு இரண்டாம் படத்திலிருந்து எடுத்துக் கணினியில் இணைத்தால் வேலை முடிந்தது. பொட்டை அழிப்பான் கொண்டு பூசி மறைப்பதைவிட இது நேர்மையான வழி என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கண்ணாடி வழியாகப் பார்க்கும் காண்பானில், அதிலும் தொலைவில்லை மாட்டியிருக்கும்போது, சூரியனை நேரே பார்ப்பது கண்ணைக் கெடுத்துவிடும், திரையைப் பார்த்தே சட்டத்தை அமையுங்கள்.

கேள்வி: கைத்தொலைபேசியில் எடுத்தாலும் ஒரு பச்சைப் புள்ளி வருகிறதே? – வாசகி, நிலாவெளி

பதில்: அது சூரியனின் தெறித்த உருவம், மையத்திற்கு மறுபுறம், சூரியனுக்கு நேரெதிரே நிற்கும். வில்லையில் படிந்த விரல் எண்ணெயைத் துடைத்து, அதன்மேல் ஒட்டியுள்ள பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் அகற்றிவிட்டு, தொலைபேசியைச் சிறிது சாய்த்துப் பாருங்கள். புள்ளி திரையில் நகர்வது தெரியும். அது பளிச்சென்ற வானத்தில் கலந்து மறையும் இடத்தில் நிறுத்திப் படமெடுங்கள்.