ஒரு மாதம்தான் அவகாசம், கையெழுத்து வைக்காதீர்கள்

கேள்வி: வன்னியில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுநராக இருக்கிறேன். இருபது நாட்களுக்கு முன், காணிப் பிணக்கு ஒன்றில் ஆத்திரமடைந்த கூட்டம் பொல்லுகளோடு உள்ளே புகுந்தது. இப்படி நடக்கலாம் என்று முதல் நாளே எங்கள் மேலதிகாரி பொலிசாருக்குக் கடிதம் கொடுத்திருந்தார். காவலாளிகள் ஓடிவிட்டார்கள். பின்கதவு பூட்டியிருந்தது; திறப்பு யாரிடம் என்று எவருக்கும் தெரியவில்லை. கூப்பிடு தூரத்தில் உள்ள பொலிஸ் ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தது. என் இடது கை முறிந்துவிட்டது. இப்போது, பாதுகாப்பில் குறை எதுவும் இருக்கவில்லை என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பதில்: சகோதரி, கையெழுத்து வைக்காதீர்கள். அடித்தவர்களைப் பிடித்துவிட்டால் விடயம் முடிந்தது என்று உங்களிடம் சொல்வார்கள். அது குற்றவியல் வழக்கு. தெரிந்திருந்தும் வராமல் இருந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியது வேறு வழக்கு.

குற்றங்களைத் தடுப்பதும் அமைதியைக் காப்பதும் பொலிசாரின் கடமை என்று பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 56 ஆம் பிரிவு சொல்கிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் அடிப்படை உரிமை மீறலே. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் பற்றி முன்கூட்டியே தகவல் கிடைத்தும் அசட்டையாக இருந்தார்கள் என்பதற்காக, 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைத் தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. அன்றைய பொலிஸ் மா அதிபருக்கு ஏழரைக் கோடி. அங்கே புலனாய்வு எச்சரிக்கை இருந்த இடத்தில், உங்களிடம் மேலதிகாரியின் கடிதம் இருக்கிறது. அலுவலகக் கோப்பில் உள்ள பிரதியில், பொலிஸ் நிலையத்தில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தச் சிறிய மை அடையாளம்தான் இந்த வழக்கின் உயிர்.

1983 ஜூலை 25, 27 ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் பூட்டுக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அகதிகளாக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் வன்னியெங்கும் இருக்கிறார்கள். அரச கட்டடத்துக்குள் இருந்தவர்களைக் காக்கத் தவறியது யார் என்ற கேள்வி இந்த மண்ணில் பதிலின்றியே கிடக்கிறது. உங்கள் வழக்கை நான் சிறிதாக நினைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மீறலுக்குச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். உங்களுக்குப் பத்து நாள் மட்டில்தான் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் நீதிமன்றம் ஏற்பதில்லை. விசாரணை உண்மையில் நடந்ததைக் காட்ட வேண்டும். அதை நம்பி இருக்காமல் மனுவையும் தாக்கல் செய்யுங்கள்.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, பொலிஸ் மா அதிபர், சட்டமா அதிபர் ஆகியோரை எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கலாம். உங்கள் மேலதிகாரி கடிதம் எழுதித் தன் கடமையில் பாதியைச் செய்திருக்கிறார். பூட்டிய பின்கதவுக்கு அவரும் பதில் சொல்லத்தான் வேண்டும். காவலாளிகள் தனியார் நிறுவனத்தவர் என்றால், அவர்கள்மீது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு, அதற்கு இரண்டு வருட அவகாசம். அரசுக்கு எதிராகவும் அப்படி வழக்கிடலாம். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்.

அன்றைய கடமைப் பட்டியலையும் பொலிஸ் தகவல் புத்தகப் பதிவையும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இன்றே கேளுங்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு என்பதால் பதில் வரும்வரை மனுவைத் தள்ளிவைக்காதீர்கள். கையின் எக்ஸ்ரே, வைத்தியசாலை அட்டை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள்.

வழக்குப் போடுவது ஒழுக்கக்கேடு அல்ல. உங்கள் வேலைக்கு அது குற்றமாகாது. பத்திரிகைக்கு மட்டும் இப்போது பேட்டி கொடுக்க வேண்டாம். பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். கையெழுத்துக் கேட்டு வந்த கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். அதையும் மனுவோடு இணைக்க வேண்டும்.