இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப்பின் கடந்த ஐம்பது ஆண்டுகளில் சிறந்த மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள வீரர், யார்? ஸ்டீவன் ஜெரார்டைத் தவிர வேறு பதில் இருக்கிறதா?

இருக்கிறது. கிரேம் சூனஸ்.

ஜெரார்ட் ரசிகர்கள் கல்லைத் தூக்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் ஜெரார்டைப் பார்த்து லிவர்பூல் பக்கம் வந்தவன்தான். 2005 மே 25 அன்று நடந்த இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியது. இடைவேளைக்குள் மிலான் மூன்று கோல் போட்டதும் டிவியை அணைத்துவிட்டுப் படுத்த நண்பர்கள் எனக்கு உண்டு. லிவர்பூல் மீண்டு வந்து ஜெயித்ததால், இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் மெல்ல நழுவிவிடுவார்கள். அந்த ஆட்டத்தில் முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டுவிட்டு, கைகளை மேலே வீசி ரசிகர்களைக் கிளப்பிவிட்ட மனிதரைக் குறைத்துப் பேச எனக்கு எந்த ஆசையும் இல்லை. ‘சிறந்த வீரர் யார்’ என்று கேட்டிருந்தால் முன்வரிசை வீரர் டால்கிளிஷ், அடுத்து ஜெரார்ட் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். நீங்கள் கேட்டிருப்பது மிட்ஃபீல்டரை. அங்கேதான் இடிக்கிறது.

ஜெரார்டின் மிகச் சிறந்த பருவங்களை எடுத்துப் பாருங்கள். 2005-06இல் எல்லாப் போட்டிகளிலுமாக 23 கோல் அடித்தார், சக வீரர்கள் வாக்களிக்கும் பிஎஃப்ஏ விருதும் வாங்கினார். அந்த ஆண்டு மேனேஜர் பெனிடெஸ் அவரைப் பெரும்பாலும் வலது ஓரத்தில்தான் ஆடவிட்டார். 2008-09இல் 24 கோல், இந்த முறை செய்தியாளர்கள் தரும் விருது. அப்போது ஆடியது ஸ்ட்ரைக்கர் டோரஸுக்குச் சற்றுப் பின்னால், கிட்டத்தட்ட இரண்டாவது ஸ்ட்ரைக்கராக. இஸ்தான்புல்லிலேயே என்ன நடந்தது? இடைவேளையில் தடுப்பாட்டக்காரர் ஃபின்னனை எடுத்துவிட்டு மிட்ஃபீல்டர் ஹாமனை இறக்கியதால்தான் ஜெரார்டால் முன்னே போக முடிந்தது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மிலானின் செர்ஜின்யோவை மடக்க அவரே வலது பின்வரிசைக்கும் போனார். எங்கே போட்டாலும் ஆடுவார், எங்கே ஆடினாலும் அங்கே அவர்தான் முதலாள். ஆனால் மிட்ஃபீல்டின் நடுவில் நின்று ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, எப்போது தாக்குவது, எப்போது பந்தை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் வேலை? அதற்கு அவர் பக்கத்தில் எப்போதும் இன்னொருவர் தேவைப்பட்டார். முதலில் ஹாமன், பிறகு அலோன்சோ, மாஸ்கெரானோ. பெனிடெஸ் அவரை நடுவிலிருந்து நகர்த்திக்கொண்டே இருந்ததைப் பிடிவாதம் என்று சொல்வார்கள். எனக்கு அது சரியான கணிப்பாகவே படுகிறது.

எதிர்வாதமும் இருக்கிறது, மறைக்கவில்லை. 2013-14இல் அப்போதைய மேனேஜர் ராஜர்ஸ் அவரைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் ஆழத்தில் நிறுத்தினார். 33 வயதில் அங்கிருந்து லீக்கில் 13 கோல், 13 அசிஸ்ட். அதே பருவத்தில் செல்சிக்கு எதிராகக் கால் வழுக்கியதையும் இதே மூச்சில் சொல்வார்கள். அதை வைத்து ஒருவரை எடைபோடுவது அற்பத்தனம். வழுக்கல் யாருக்கும் வரும்.

சூனஸிடம் போவோம். மிடில்ஸ்பரோவிலிருந்து 1978 ஜனவரியில் வந்தார், விலை 3,52,000 பவுண்டு. அன்று இரண்டு ஆங்கில கிளப்புகளுக்கு இடையே கைமாறிய தொகைகளில் அதுவே மிகப் பெரியது. வந்து நான்கே மாதத்தில் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி, எதிரே பெல்ஜியத்தின் ப்ரூஜ். ஒரே கோல்தான். சூனஸ் நெரிசலுக்குள் பந்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தி, இரண்டு பேருக்கு நடுவே நழுவவிட்டார். டால்கிளிஷ் கோல்கீப்பரைத் தாண்டி மெல்லத் தூக்கிப் போட்டார். எல்லோருக்கும் டால்கிளிஷ் விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து ஓடியதுதான் நினைவிருக்கும். அந்த ஒரு நொடி நிறுத்தத்தைப் பாருங்கள். டால்கிளிஷ் ஓடத் தொடங்கும்வரை காத்திருந்த நேரம் அது.

அவர் இருந்த ஆறரை ஆண்டுகளில் ஐந்து லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள், தொடர்ச்சியாக நான்கு லீக் கப். ‘அந்த அணியில் யார் இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்’ என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சரி, 1981 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சொந்த மண்ணில் மான்செஸ்டர் சிட்டியிடம் 1-3 என்று தோற்று, அட்டவணையில் 12ஆம் இடத்தில் கிடந்தது லிவர்பூல். ரஷ், வீலன், க்ரோபெலார் எல்லோரும் அப்போது புதியவர்கள். அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் பெய்ஸ்லி கேப்டன் பொறுப்பை ஃபில் தாம்ப்சனிடமிருந்து எடுத்து சூனஸிடம் கொடுத்தார். மே மாதம் லீக் பட்டம், லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில். தாம்ப்சனுக்கு அந்தக் கோபம் லேசில் ஆறவில்லை என்பது வேறு கதை.

1984ஐச் சொல்லாமல் சூனஸைச் சொல்ல முடியாது. லீக் கப் இறுதியில் அதே நகரத்தின் இன்னொரு கிளப்பான எவர்டனோடு வெம்ப்ளியில் டிரா, மறு ஆட்டம் மான்செஸ்டரின் மெயின் ரோடு மைதானத்தில். அங்கே ஒரே கோல், சூனஸ் அடித்தது. பந்து சரியாக அடங்காமல் எம்பியது. அப்படியே உடம்பைத் திருப்பி இடது காலால் விட்டார். அடுத்து ஐரோப்பிய அரையிறுதியில் டினாமோ புகாரெஸ்ட். ஆன்ஃபீல்டில் நடந்த முதல் ஆட்டத்தில் ருமேனிய வீரர் மொவிலாவின் தாடை உடைந்தது. உடைத்தவர் சூனஸ், நடுவர் பார்க்கவில்லை. நான் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அன்று விஏஆர் என்னும் வீடியோ நடுவர் முறை இருந்திருந்தால் சிவப்பு அட்டையோடு நீண்ட தடையும் வந்திருக்கும். இரண்டாவது ஆட்டத்துக்குப் புகாரெஸ்ட் போனபோது மொத்த மைதானமும் அவருக்கு எதிராகக் கத்தியது. பயிற்சியின்போதே அவர் பந்தைத் தொட்டால் கூச்சல். ஆட்டம் முழுக்க அவர் பந்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். லிவர்பூல் 2-1, இரண்டும் ரஷ். இறுதிப் போட்டி ரோமில், ரோமாவின் சொந்த மைதானத்தில். டிராவாகி பெனால்ட்டிக்குப் போனது. க்ரோபெலார் கால்களை நடுங்குவதுபோல் ஆட்டி எதிராளியைக் குழப்பியதுதான் எல்லோருக்கும் தெரியும். சூனஸும் தன் பெனால்ட்டியை அடித்துவிட்டு, கோப்பையையும் தூக்கினார். லிவர்பூலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. அங்கிருந்து சாம்ப்டோரியா.

அவர் போன மறு பருவம், 1984-85இல் லிவர்பூலுக்கு ஒரு கோப்பையும் இல்லை. பத்து ஆண்டுகளில் முதல் முறை. லீக் பட்டம் எவர்டனுக்குப் போனது. பருவத் தொடக்கத்தில் ரஷ் காயத்தில் இருந்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டால்கிளிஷ் இருந்தார், ஹான்சன் இருந்தார், வீலன் இருந்தார். ஒரு மிட்ஃபீல்டரை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல வழி அவர் போனபின் மிச்சம் இருப்பவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்ப்பதுதான்.

அந்த வழியில் பார்த்தால் இரண்டாவது இடம் ஜெரார்டுக்கா என்றுகூட எனக்குச் சந்தேகம் வருகிறது. சாபி அலோன்சோ இருந்தது ஐந்தே பருவம், லீக் பட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் 2008-09இல் 38 ஆட்டங்களில் இரண்டே தோல்வி, 86 புள்ளி, இரண்டாம் இடம். ரியல் மாட்ரிட்டை ஆன்ஃபீல்டில் 4-0, அதே வாரம் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்களின் ஓல்ட் டிராஃபோர்டில் 4-1. (யுனைடெட் ஆட்டத்தில் அவர் இறங்கவில்லை என்று யாராவது மறித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) 2009 கோடையில் அவரை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றார்கள். அடுத்த பருவம் ஏழாம் இடம். ஜெரார்ட், டோரஸ், மாஸ்கெரானோ மூவரும் அங்கேதான் இருந்தார்கள். பந்து மட்டும் அவர்களிடம் வரவேண்டியபடி வரவில்லை. அதற்கு முந்தைய கோடையில் அலோன்சோவை விற்றுவிட்டு கேரத் பாரியை வாங்கப் பார்த்ததும் இதே பெனிடெஸ்தான். ஜெரார்ட் விஷயத்தில் அவருக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணை இங்கே திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் ரசிகர்கள் ஏன் சூனஸ் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள்? வயது ஒரு காரணம். அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இப்போது அறுபதைத் தொடுகிறவர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் பழைய பதிவுகள்தான். ஜெரார்ட் முப்பது கஜத்திலிருந்து அடித்தது அரை நிமிடத் துண்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எதிரணி தாளத்துக்கு வரவிடாமல் தொண்ணூறு நிமிடம் பந்தைப் பிடித்து வைத்ததை அப்படித் துண்டு போட முடியாது.

ஆனால் லிவர்பூல் நகரத்துக்காரர்களின் காரணம் வேறு, அது ஆழமானது. 1989 ஹில்ஸ்பரோ பேரழிவில் இறந்தவர்கள் 97 பேர். அந்த ரசிகர்கள்மேலேயே பொய்ப் பழி போட்டு முதல் பக்கத்தில் அச்சிட்டது ‘தி சன்’ பத்திரிகை. நகரமே அந்தப் பத்திரிகையை ஒதுக்கி வைத்தது, இன்றுவரை வாங்குவதில்லை. 1992இல் சூனஸ் லிவர்பூலின் மேனேஜராக இருந்தபோது இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அந்தக் கதையை விற்றது அதே பத்திரிகைக்கு. படமும் செய்தியும் வெளியானது ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ நினைவு நாளிலேயே. பிறகு மன்னிப்புக் கேட்டார். பல குடும்பங்களுக்கு அது போதவில்லை, போதாமல் போனதில் நியாயமும் இருக்கிறது. ஜெரார்டோ ஹில்ஸ்பரோவில் பத்து வயது உறவுக்காரப் பையனைப் பறிகொடுத்த குடும்பத்திலிருந்து வந்தவர், ஹய்டனில் வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளை. அந்த நகரத்தில் பிறந்த ஒருவர் ஜெரார்ட் என்று சொன்னால் நான் வாதாட மாட்டேன். அவர் கணக்குப் பார்ப்பது மிட்ஃபீல்ட் ஆட்டத்தை மட்டும் வைத்து அல்ல.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல இந்த இடத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட பட்டியல்களில் அவர் பெயர் வருவதே இல்லை. ரே கென்னடி. மேனேஜர் ஷாங்க்லி ராஜினாமா செய்த 1974 கோடையில் கடைசியாக வாங்கிய ஆள். அர்செனலில் கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர். லிவர்பூலில் முன்வரிசையில் கீகனும் டோஷாக்கும் இருந்ததால் இடம் கிடைக்கவில்லை. பெய்ஸ்லி அவரை இடது மிட்ஃபீல்டுக்கு இழுத்தார். அங்கே கேஸ், மெக்டெர்மட், சூனஸ், கென்னடி என்று அமைந்த நால்வர் வரிசைக்கு ஈடாக லிவர்பூலில் இன்னொன்று வரவில்லை என்பது என் கட்சி. 1978இல் டாட்டன்ஹாமை 7-0 என்று அடித்தார்களே, அதில் கடைசிக் கோல் மெக்டெர்மட் ஓடி வந்து தலையால் முட்டியது. தன் பெட்டிக்குள்ளிருந்து எதிரணிப் பெட்டிவரை ஓடியிருப்பார். 1981 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் மியூனிக்கில் தாம்ப்சன் இல்லை, டால்கிளிஷ் தொடக்கத்திலேயே காயத்தில் வெளியேறினார். அன்று கேப்டன் கென்னடி. 83ஆம் நிமிடத்தில் நெஞ்சில் வாங்கி வலது காலால் அடித்த கோல்தான் இறுதிக்குக் கொண்டுபோனது. முப்பதுகளிலேயே அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. 2021 நவம்பரில் இறந்தார்.

இயன் கேலகனையும் விட முடியாது. இரண்டாம் டிவிஷனில் தொடங்கி 1977 ஐரோப்பியக் கோப்பை வரை வந்தவர், மொத்தம் 857 ஆட்டம், கிளப் சாதனை. ஜான் பார்ன்ஸை நான் விங்கர், அதாவது ஓரத்தில் ஆடுபவர், கணக்கில்தான் வைக்கிறேன். மேனேஜர் கிளாப் காலத்து ஹெண்டர்சன், ஃபாபினியோ, வைனால்டம் மூவரும் சேர்ந்தால் யாரையும் திணறடிப்பார்கள். தனித்தனியாக எடுத்தால் இந்த வரிசையில் நிற்பது கஷ்டம். பார்சிலோனாவுக்கு எதிராக வைனால்டம் மாற்று ஆளாக இறங்கி அடித்த அந்த இரண்டு கோல்களுக்காக மட்டும் ஒரு தனி நாற்காலி போடலாம். கிராவன்பெர்க், மெக்காலிஸ்டர் பற்றிப் பேச இன்னும் காலம் இருக்கிறது.

என் அணியில் நடுவே சூனஸும் அலோன்சோவும். இடதில் கென்னடி. ஜெரார்ட் எங்கே என்றால், 2009இல் ஆடிய அதே இடத்தில், முன்வரிசைக்குப் பின்னால், கட்டுப்பாடே இல்லாமல். பெஞ்சில் யான் மோல்பி. டென்மார்க்கில் பிறந்து லிவர்பூல் வட்டாரப் பேச்சை உள்ளூர்க்காரர்களைவிட நன்றாகப் பேசியவர். வயிறு கொஞ்சம் முன்னால் வரும், ஓட்டம் குறைவு, பாஸ் பிசகாது. பெனால்ட்டி கிடைத்தால் ஜெரார்டைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மோல்பியை இறக்குவேன். லிவர்பூலுக்காக 45 அடித்து 42 உள்ளே. ஒரே ஆட்டத்தில் மூன்றையும் பெனால்ட்டியிலேயே போட்டு ஹாட்ரிக் எடுத்ததும் உண்டு, 1986இல் காவென்ட்ரிக்கு எதிராக.